ஆறு வோல்ட் பல்பு

பேட்டரிக் கடை வாசலில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளுக்குச் சக்கரம் தரையில் பாவவில்லை. இன்று அதற்குப் புது பேட்டரி.

"பன்னிரண்டு வோல்ட்தான் வேணும். புது வண்டியெல்லாம் அதைத்தான் போடுது" என்றது.

"அண்ணே, நான் ஆறு வோல்ட் பல்பு. அதுக்கு மேல தாங்க மாட்டேன்" என்றது அதன் முன்விளக்கு.

"உனக்காகத்தானே கேக்கிறேன். இத்தனை வருஷமா மினுக்மினுக்னு எரிஞ்சே. இனிமே ரோடே பகலா இருக்கும் பாரு."

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி உள்ளே ஏறியது. வண்டி ஆசையாக சுவிட்சைப் போட்டது.

எதிர்ச்சுவர் பளீரென்று வெளுத்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநொடி 'டப்'பென்று இழை அறுந்து, பல்பு கறுத்தது.

வண்டி இன்னும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா தம்பி, எப்படி எரிஞ்சே! எங்கே, இன்னொரு தடவை."