வாசலில் கிடக்கும் செருப்புகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலிலும் பம்பாய் தாராவியில் தண்டவாளத்தை ஒட்டிய இந்த வரிசை வீடுகளில் கடிகாரம் கிடையாது. தாத்தாமார் தண்டவாளம் போட வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். பேரன்மார் ரயில்வே பட்டறைக்குப் போகிறார்கள். பட்டறையின் ஐந்து மணிச் சங்கு ஊதினால் பெண்கள் உலை வைப்பார்கள். ஆண்கள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். இன்று சங்கு ஊதிக் கால் மணி நேரம் கழித்து, லோக்கல் ரயில் நீளமாகக் கூவியபடி, நிற்கக்கூடாத இடத்தில் நிற்கிறது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியும் வெளியே வந்து முதலில் தன் வாசலைத்தான் பார்க்கிறாள். செருப்பு கிடந்தால் ஆள் வீடு வந்தாயிற்று. மஞ்சள் வெயிலில், கிரீஸ் படிந்த செருப்புகள் வாசலுக்கு ஒரு ஜோடியாகக் கிடக்கின்றன. சண்முகவடிவின் வாசலில் மட்டும் இல்லை. அவள் கையிலிருக்கும் பானையிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் காலில் சொட்டுகிறது. “ஓவர்டைமா இருக்கும்ட்டி, வந்துருவாவ” என்கிறாள் பக்கத்து வீட்டு மதீனா பீவி. “ஓவர்டைம்னா காலையிலயே சொல்லிட்டுப் போவாவ, அக்கா.” ரயிலில் வாசலோரம் தொங்கும் ஒருவன் நேரமாகிறதென்று சலித்துக்கொள்கிறான். வரிசை வீட்டு ஆண்கள் நாலைந்து பேர் வெறுங்காலோடு ரயிலின் முன்பக்கம் நடக்கிறார்கள். சண்முகவடிவு நகரவில்லை, பக்கத்து வாசல்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். மதீனா பீவி குனிந்து தன் கணவனின் செருப்புகளை எடுத்து, முந்தானையால் மூடி, சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோகிறாள். அடுத்த வீட்டுக்காரியும் குனிகிறாள்.