சாட்சிக்கு வந்த கயிறு

"பெத்த பிள்ளையைக் கயித்துல கட்டிப் போடுறவளை ஆத்தான்னு சொல்லலாமா சாமி?"

கூண்டில் நின்று சுருளிவேல் கேட்டதும், மதுரைக் கோர்ட்டில் முணுமுணுப்பு எழுந்தது.

"மாட்டைக்கூட நிழல் பார்த்துல்ல கட்டுவோம்!" என்றது ஒரு குரல். டவாலிச் சேவகன் முறைத்தான்.

செத்துப்போன அண்ணனின் மகள் பேச்சிக்கு நாலு வயது. அவளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சுருளிவேல் மனுப் போட்டிருந்தான். ராசிங்காபுரத்தில் அவனுக்குத் தோட்டம், கறவை மாடு, ஓட்டு வீடு எல்லாம் உண்டு. பிள்ளைதான் இல்லை.

எதிரே அண்ணன் மனைவி கருப்பம்மாள். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் கூலி. அவள் சேலையைப் பிடித்தபடி பேச்சி.

"நீ கண்ணால் பார்த்தாயா?" ஜட்ஜ் கேட்டார்.

"பார்த்தேன் சாமி. புள்ளை இடுப்புல கயிறு. மறுமுனை செடிக்குள்ள போச்சு. மரத்துல கட்டியிருப்பா. மதினியைக் காணவே காணோம். எனக்கு மனசு தாங்கல. அப்படியே திரும்பி இறங்கிட்டேன்."

கோர்ட் கேட்டதால் கருப்பம்மாளே கொண்டுவந்த கயிறு மேஜைமேல் கிடந்தது. ஒரு முனையில் பழைய சேலைத்துணி சுற்றியிருந்தது.

சுருளிவேலின் வக்கீல் அதைக் கருப்பம்மாளிடம் தூக்கிக் காட்டினார். "ஆமா, இல்லை, ரெண்டில் ஒண்ணு சொல்லு. பிள்ளையை இதில் கட்டினாயா?"

"ஆமாங்கய்யா. ஆனா..."

"போதும்."

ஜட்ஜ் யோசித்தார். கோர்ட்டைக் கூட்டிப் பெருக்கும் ஆயம்மாளைக் கூப்பிட்டார். "குழந்தையை உள்ளே அழைத்துப் போய், இடுப்பில் தழும்பு இருக்கிறதா என்று பார்."

பேச்சி தனியாகப் போக மறுத்து அழுதாள். தாயும் கூடவே போனாள்.

ஆயம்மாள் திரும்பி வந்தபோது கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"தழும்பு இருக்குது சாமி."

"பார்த்தீங்களா!" என்றார் வக்கீல்.

"புள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லைங்க. ஆத்தா இடுப்பைச் சுத்தித்தான் கருத்துக் காய்ச்சுப்போய்க் கிடக்கு."

ஜட்ஜ் நிமிர்ந்தார். "மறுமுனையை உன் இடுப்பிலா கட்டினாய்?"

"வேற எங்க சாமி கட்டுவேன்? ரெண்டு எட்டு தள்ளிப் போனா கிடுகிடு பள்ளம். ஏலக்காய் செடியோட தூர்லதான காய்க்கும்? குனிஞ்சு காய் எடுக்கையில நான் கொழுந்தன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்க மாட்டேன்."

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"வக்கீலய்யா ஆமா, இல்லைன்னு மட்டும்தான சொல்லச் சொன்னாரு?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஜட்ஜ் பேனாவை எடுத்தார்.

"எழுத வேண்டாம் சாமி," என்றான் சுருளிவேல். "மனுவை வாபஸ் வாங்கிக்கறேன். அந்தக் கயித்தை மட்டும் குடுங்க."

"உனக்கு எதற்கு?"

சுருளிவேல் கூண்டை விட்டு இறங்கி வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, கயிற்றின் வெறும் முனையில் சுற்ற ஆரம்பித்தான்.