சுவராட்களின் முறை

அந்த வீட்டுச் சுவருக்குள் சுவராட்கள் என்ற குட்டி மனிதர்கள் குடியிருந்தார்கள். குழந்தையின் தொட்டிலை ஆட்டுவது அவர்கள்தான். குழந்தையின் அப்பாவான எலக்ட்ரீஷியன் ஒருநாள் நல்லபிள்ளையாகச் சுவரைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்றார். அன்றோடு தொட்டில் நின்றது. மூன்று நாளாகக் குழந்தை கண்மூடவில்லை.

"அவங்க வழக்கத்துல நன்றின்னா 'நீ வேத்தாள், கிளம்பு'ன்னு அர்த்தம். சொந்தக்காரங்களைத் திட்டத்தான் செய்யணும். போய்த் திட்டுங்க!" என்றாள் மனைவி, கண் எரிச்சலோடு.

அவர் கூச்சத்தோடு சுவரருகே குனிந்தார். "எருமைங்களா! புள்ள அழுறது காதுல விழலையா?"

தொட்டில் ஆடியது. குழந்தை தூங்கியது. நிம்மதியாக வேலைக்குக் கிளம்பியவரின் சட்டையைப் பின்னாலிருந்து ஒரு சில்லிட்ட சின்னக் கை பிடித்து இழுத்தது.

"சாப்பிடாம எங்கடா போற, தடிமாடே?" என்றது சுவர்.