ஊசியில் ஒரு துளி

நுண்ணோக்கியின் வெளிச்ச வட்டத்துக்குள் ஓர் எண்ணெய்த் துளி மிதக்கிறது. பொடித்துகள் போர்த்திய அதன் தோல் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று மங்கையர்க்கரசி அளக்கிறாள். உறிஞ்சும் கண்ணாடிக் குழாய், முடியைவிட மெல்லிய ரத்தக்குழாயின் அளவுதான். அவள் வாயில் அதன் பெயர் ஊசி. பின்னொரு நாள் மருந்தைச் சுமந்து உடம்புக்குள் போக வேண்டிய துளி நெகிழாமல், உலர்ந்த திராட்சைபோலச் சுருங்கி, குழாயை அடைத்துக்கொள்கிறது. இழுப்பை நிறுத்துகிறாள். அது அசையவில்லை. தகரக் கூரையில் புனே மழை ஓயாமல் தட்டுகிறது. புனேயின் கட்கிப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஆய்வக உதவியாளர் ஜெனிபர், கோட்டில் ஒட்டிய வெள்ளை மயிரை உதறியபடி வருகிறாள். "ஊசில போட்டுப் பாருன்னீங்கல்ல மேடம், காலையிலயே இந்தத் துளிகளை முயலுக்குப் போட்டாச்சு. ஏக்தம், கொஞ்சம்கூடச் சத்தமில்லாம படுத்திருக்கு." வட்டத்துக்குள் துளி இன்னும் வழிவிடவில்லை.