காலுக்கு வேலையில்லாத கார்

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு ஃபீபி. பிரேக்கைக் கீழ, கால்கிட்ட மாத்திடலாம்," என்றான் ஜெஸ்டன்.

"இன்னா பேசற நீ? எட்டு மாசமா ஒத்துக்கிட்டு, இப்ப வந்து மாத்தலாம்னா?"

"ஹெச்.ஓ.டி. சொன்னதைக் கேட்டல்ல? 'கார்னா பெடல் இருக்கணும், இதுகூடத் தெரியாதா'ன்னாரு. வர்ற ஜட்ஜும் அதையேதான் கேக்கப் போறாங்க."

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரு காரைச் செய்து பார் என்பதை ஏனோ விட்டுவிட்டார்கள். வேலூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஒர்க் ஷாப்பில், மணிக்கு நானூறு கிலோமீட்டர் போகவேண்டிய அந்தக் கார், இன்ஜின் இல்லாமல், ஃபைபரும் பிளைவுட்டுமாக நின்றுகொண்டிருந்தது. மாதிரிதான், ஆனால் முழு அளவு. வெளித்தோற்றம் ஜெஸ்டன், இன்ஜின் கணக்கு பில்கிஸ், உள்ளே உட்காரும் இடம் ஃபீபி என்று பிரித்துக்கொண்டு செய்தார்கள்.

சீட்டு மட்டும் நிஜத் தோல். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்க்கும் ஃபீபியின் அம்மா, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சர்ச் முடிந்த கையோடு உட்கார்ந்து தைத்துக் கொடுத்தது. இன்று தேர்வானால் கார் சென்னைக் கண்காட்சிக்குப் போகும். அம்மாவின் தையலை ஊரே பார்க்கும். இல்லாவிட்டால் கல்லூரி ஷெட்டில் எலிக்குத்தான்.

"பெடல் வெச்சா கால் நீட்ட இடம் வேணும். சீட்டைப் பிரிக்கணும். பிரிச்சா அம்மா தையல் போச்சு."

பில்கிஸ் நடுவில் வந்தாள். "மொத நாள் மூணு பேரும் தனித்தனியாதான் வரைஞ்சோம். மூணு பேப்பர்லயும் பிரேக் கைலதான் இருந்துச்சு. அப்புறம் இன்னாத்துக்குப் பேஜார் பண்ற ஜெஸ்டன்?"

அவன் பதில் சொல்வதற்குள் ஜட்ஜ் ஜஹீருன்னிசா உள்ளே வந்துவிட்டார். கார் கம்பெனியில் இருபது வருடம் டிசைன் பார்த்தவர். சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். அவர் கால்கள் கீழே எதையோ தேடின.

"இன்னாம்மா, காலுக்கு ஒண்ணுமே காணோம்?"

"வேகம், பிரேக்கு, ரெண்டுமே கைலதான் மேடம்." என்றாள் ஃபீபி.

"யாரோட யோசனை?"

ஃபீபி வாயைத் திறக்குமுன், "எங்க மூணு பேரோடதும் மேடம்," என்றான் ஜெஸ்டன். எவ்வளவு சண்டை போட்டாலும் வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்காத பிள்ளை.

ஜஹீருன்னிசா ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த லீவரை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"ராணிப்பேட்டைலேர்ந்து இதுவரைக்கும் ஏழு காலேஜ் பாத்துட்டேன். எல்லாரும் அதே பெடலைத்தான் வெச்சிருக்காங்க. இதுல கால் வராதவங்ககூட உட்காந்து ஓட்டலாம். வருஷக்கணக்கா கார் ஓட்டிச் சலிச்சவங்களுக்குத்தான் இந்த மாதிரி தோணும். உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுவா வந்துருச்சு மேடம்," என்றாள் பில்கிஸ்.

"நல்லா வந்துருக்கு. தையலும் சுத்தம். சென்னைக்கு ரெடி பண்ணுங்க."

ஃபீபி திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். ஜெஸ்டன் அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான்.

"வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுக்கணும், வெளிய கொண்டாந்துடுங்க," என்ற ஜஹீருன்னிசா கைப்பையைத் துழாவினார். "வாசலை அடைச்சுக்கிட்டு என் கார் நிக்குது. யாராவது எடுத்து ஓரமா விட்டுடுங்க."

சாவியை ஃபீபி வாங்கினாள். ஜெஸ்டனிடம் நீட்டினாள். ஜெஸ்டன் பில்கிஸிடம் கொடுத்தான். பில்கிஸ் அதை ஃபீபியின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"நியூட்ரல்ல மட்டும் போட்டுக் குடுங்க மேடம், தள்ளிடறோம்," என்றாள் ஃபீபி. "எங்க மூணு பேருக்கும் ஸ்கூட்டிதான் ஓட்டத் தெரியும்."