சிவப்புக்கு நடுவில்

ஜோசஃபின் மேடம் மீட்டிங் ரூம் கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினார். கண்ணாடிச் சுவரின் திரையையும் இறக்கிவிட்டார். மதியழகன் நாற்காலியைப் பிடித்தபடி நின்றான்.

"உக்காரு மதி. இதை வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல மேடம். காலையில உங்களுக்கு மட்டும்தான் அனுப்புனேன்."

சுவரில் அவன் போட்ட சார்ட் பெரிதாகத் தெரிந்தது. அரைநாள் லீவு எடுப்பதற்கும் வேலையை விடுவதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவர் ஹெச்.ஆர். தலைவர் கஸ்தூரிரங்கன். முதலில் ஜோசஃபின் மேடத்தின் பிரிவை மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

ஆளுக்கு ஒரு புள்ளி. படுக்கைக் கோட்டில் அரைநாள் லீவு, செங்குத்துக் கோட்டில் சீக்கிரம் கிளம்பிய நாட்கள். வேலையை விட்டுப் போனவர்கள் சிவப்பு, இப்போது இருப்பவர்கள் நீலம். மேடத்துக்குக் கீழே அவனையும் சேர்த்து நாற்பத்தொரு பேர். நீலத்தில் நாற்பத்திரண்டு விழுந்திருந்தது. பழைய ஆள் யாரோ பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று காலையில் அதை விட்டுவிட்டான்.

தொடர்பு நன்றாகவே இருந்தது. சிவப்பெல்லாம் மேலே வலது மூலையில் குவிந்திருந்தது, நீலம் கீழே இடது பக்கம். ஒரே ஒரு நீலம் மட்டும் வழி தவறியதுபோல் சிவப்புக் கூட்டத்துக்கு நடுவில் நின்றது.

மேடம் அதன்மேல் மவுஸை வைத்தார். பெயர் வரவில்லை. பெயர்ப் பட்டியல் கஸ்தூரிரங்கனிடம் மட்டும்தான் இருந்தது. 'அரைநாள் லீவு: 12' என்று மட்டும் வந்தது.

"மூணு மணிக்கு சார் பேரை வெச்சுப் பாத்துடுவார். போறவங்கள நாமளே முன்னாடி அனுப்பிடலாம்னு போன வாரம் சொன்னார், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

மதி மனதுக்குள் எண்ணினான். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்கள். அப்புறம் இன்னொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போன நாட்கள். ஐந்தைத் தாண்டியதும் பயத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டான். தன் கையாலேயே வலை பின்னித் தானே போய் விழுந்திருக்கிறோம் என்று நினைத்தபோது காது சூடேறியது.

"இந்த ஒரு புள்ளிய மட்டும் எடுத்துட முடியுமா?" மேடம் மெதுவாகக் கேட்டார்.

தன்னைச் சோதிக்கிறார் என்று அவனுக்குப் பட்டது. "முடியாது மேடம். யார் எப்போ எடுத்தாங்கன்னு சிஸ்டத்துல பதிவாயிடும்."

"ஹௌதா... அப்பிடியா..." மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பதினாலு வருஷமா இந்த ஆபீஸ்ல இருக்கேன். இப்பிடி ஒரு நிலைமை வரும்னு நான் நெனச்சே பாக்கல மதி."

மணி இரண்டு ஐம்பது. ஏசி ஓடியும் மதியின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பூட்டிய கதவைப் பார்த்தான். இனி மறைத்துப் பயனில்லை.

"மேடம், நானே சொல்லிடறேன். இன்டர்வியூ போனது உண்மை."

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"கே.ஜி.எஃப்.ல இருந்து ட்ரெயின்ல போக வர தெனம் அஞ்சு மணி நேரம் ஆவுது. அப்பாவுக்கு மைன்ஸ் தூசியில லங்ஸ் போச்சு, இப்ப ஆக்சிஜன்லதான் இருக்காரு. பக்கத்துல ஆள் வேணும். வீட்லருந்தே வேல பாக்கலாம்னு அந்தக் கம்பெனில சொன்னாங்க, அதான் போனேன். இன்னும் ஒண்ணும் முடிவாவல மேடம். இந்த வேலையும் போச்சுன்னா அவரோட இன்சூரன்சும் போயிடும்."

அவன் கைகூப்பினான். "ரெண்டு மாசம் டைம் குடுங்க மேடம், போதும். சார்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

மேடம் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கைப்பிடி ஒருமுறை திரும்பி நின்றது.

"ஜோசஃபின்?" வெளியே கஸ்தூரிரங்கனின் குரல். "ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க? நேம் லிஸ்ட் கொண்டாந்துட்டேன். ஆரம்பிக்கலாமா?"

"ஒரு நிமிஷம் சார்!"

மேடம் எழுந்தார். கதவை நோக்கி இரண்டடி வைத்தவர், திரும்பி வந்து மதியின் காதருகே குனிந்தார்.

"ஏன்ப்பா சொன்ன? அந்தப் புள்ளி நான்."