ஜாடி தின்ற சர்க்கரை

ஊசி என்றால் நாச்சிமுத்து பனைமர உயரத்துக்குத் துள்ளுவார். அவருக்கும் மனைவி தெய்வாத்தாளுக்கும் சர்க்கரை நோய். அதனால் சமையலறை அலமாரியில் ஒரு மருந்து ஜாடி. உள்ளே ஈஸ்ட். அதன் முதுகில் ஒட்டிய நொதி வாரத்துக்குப் பத்துக் கரண்டிச் சர்க்கரையை வாங்கி மருந்தாக்கித் தரும். அந்த வீட்டில் சர்க்கரைக்கு வேறு சோலியே கிடையாது.

ஜாடியைச் சோதிக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஷர்மிளா உதட்டைப் பிதுக்கினாள்.

“ஆறு கரண்டிக்கு உண்டான மருந்துதானுங்க வந்திருக்கு. இன்னொருக்கா குறைஞ்சா ஜாடியை எடுத்துட்டுப் போயிருவோம். அப்புறம் தெனமும் ஊசிதானுங்க.”

நாச்சிமுத்துவின் உயிர் உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டது. “ஈஸ்ட்டு தின்னிருக்கும் பாப்பா. அதுக்கும் பசிக்குமில்ல?”

“அது செத்த ஈஸ்ட்டுங்க தாத்தா. நொதியைச் சுமக்கறதோட சரி. கடுகளவுகூடத் தின்னாது.”

“கேட்டீங்ளா? செத்ததுக்கு இருக்கற மானம் உங்களுக்கு இல்லியே!” தெய்வாத்தாள் போட்ட சத்தத்தில் அடுத்த தெரு நாய்கள் எழுந்து நின்றன.

அவர் தலை குனிந்தார். “ரெண்டே ரெண்டு கரண்டி பாப்பா. சாமி சத்தியமா அதுக்கு மேல இல்ல.”

ஷர்மிளா விரல்விட்டு எண்ணினாள். “இன்னும் ரெண்டு இடிக்குதுங்களே?”

தெய்வாத்தாளின் குரல் சட்டென்று தேனானது. “அது கெடக்குது கண்ணு. டீ குடிக்கறயா? சக்கரை எத்தன கரண்டி?”

நாச்சிமுத்து மெல்லத் தலையை நிமிர்த்தினார். “ஏம்புள்ள, ஜாடிக்குப் போட்டது போக நம்மூட்டுல ஏது சக்கரை?”

அன்றிலிருந்து ஜாடிக்குச் சர்க்கரை போடும்போது கரண்டியை இருவரும் சேர்ந்தே பிடிக்கிறார்கள். மணவறையில்கூட அந்தக் கைகள் அவ்வளவு இறுக்கமாகக் கோத்திருந்ததில்லை.